கட்டாத மாடியின் நிழல்

செங்கரைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு அறையில் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை மாட்டி நான்கு நாள் ஆகியிருந்த ஒரு சித்திரைத் திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு, விளையாட்டு மைதானத்தில் எதுவுமே நிற்காத இடத்திலிருந்து பதினாறு தூண்களின் நிழல் கிளம்பி, காய்ந்த புல்லைக் கடந்து, சைக்கிள் கொட்டகையைக் கடந்து, சிவப்புக் கட்டடத்தின் கிழக்குச் சுவரில் ஏறி நின்றது. அதை முதலில் பார்த்தவள் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் டீக்கடை வைத்திருந்த சந்தனமாரி. தரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள், அங்கே ஒரு கல்லும் இல்லை, கம்பும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள், பிறகு பால் பொங்குவதற்குள் வண்டியைப் பத்தடி தள்ளி நிழலுக்குள் நிறுத்திக்கொண்டாள். வெயில் அப்படி இருந்தது. முதல் நாள் நடந்தது அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் பார்த்தவர் உதவிச் செயற்பொறியாளர் மரகதவல்லி. இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் பல்கலைக்கழகத்தின் சுவர்களையும் குழாய்களையும் கூரைகளையும் கவனித்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி வந்து, சுவரில் அங்கங்கே தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். தொண்ணூற்றாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜமீன்தார், தன் ஒரே மகள் விஷக்காய்ச்சலில் போன பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொடுத்த கட்டடம் அது. அறுபத்துநான்கு வளைவுகள், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய கூரை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை. நாங்கள் எல்லோரும் அதன் வராந்தாவில் வரிசையில் நின்றுதான் படிப்பில் சேர்ந்தோம், அதே வராந்தாவில் நின்றுதான் வேலைக்கும் சேர்ந்தோம். மேற்கே வேப்பமரங்கள் அடர்ந்திருந்ததால் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த வெயிலெல்லாம் கிழக்கு வெயில்தான். காலையில் அந்தச் சுவர் வெயிலைக் குடிக்கும், இரவெல்லாம் வாங்கிய ஈரத்தை விட்டுவிடும், உச்சிவேளைக்குக் கைவைத்தால் ஒரு மாட்டின் வயிற்றைப் போல வெதுவெதுப்பாக இருக்கும்.

மரகதவல்லி டேப்பை எடுத்து நிழலை அளந்தார். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி வரைபடத்தில் இருந்த அதே ஏழரை மீட்டர். நேராகத் துணைவேந்தரைப் பார்க்கப் போனார்.

துணைவேந்தர் இளஞ்சேரன் ஜன்னல் அருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. தொள்ளாயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில் பதினோராயிரம் பேர் படித்தார்கள், வேதியியல் ஆய்வகம் தகரக் கொட்டகையில் நடந்தது, கோடையில் அங்கே இரண்டு மாணவிகளாவது மயங்கி விழுவார்கள், முதுகலைப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அதையெல்லாம் நினைத்து நினைத்து அவருக்கு முடி கொட்டியிருந்தது.

“நல்ல சகுனம் மேடம்,” என்றார். “கட்டடம் வரணும்னு இடமே ஆசைப்படுது.”

“கட்டடம் வரட்டும் சார். மைதானத்துல தாராளமா கட்டலாம். பழைய கட்டடத்தை எதுக்கு இடிக்கணும்?”

“தீயணைப்பு வண்டி சுத்தி வர வழி வேணும். கார் நிறுத்த இடம் வேணும். பாரம்பரியக் குழுக்காரங்க, பொறியாளர் ‘அபாயம்’னு எழுதிக் கொடுத்தாத்தான் இடிக்க விடுவாங்க. நீங்க ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா முடிஞ்சது.”

“அந்தச் சுவர் நம்ம ரெண்டு பேரையும் விடத் திடமா இருக்கு சார். நான் பொய் எழுத மாட்டேன்.”

துணைவேந்தர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொய் எழுத வேணாம்மா. உண்மையாகுற அன்னைக்கு எழுதுங்க,” என்றார்.

நிழல் வளர்ந்தது. வைகாசியில் முதல் தளம், ஆனியில் இரண்டாவது, ஆடிக் காற்றில் மூன்றாவது நான்காவது என்று, தளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளோடு, கட்டிய சாரத்தோடு, கயிற்றில் ஏறி இறங்கும் கலவைச் சட்டிகளோடு வளர்ந்தது, ஆனால் ஒரு சத்தமும் இல்லாமல் வளர்ந்தது, சத்தமில்லாமல் வளர்கிற எதற்கும் மனிதர்கள் பழகிக்கொள்வதைப் போல நாங்களும் பழகிக்கொண்டோம். தாவரவியல் துறைக்காரர்கள் நிழல் விரும்பும் செடிகளின் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேர்வு அலுவலகம் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை நிழல் விழும் பக்கத்துக்கு மாற்றியது. மத்தியானத்துக்கு மேல் நிழல் மைதானத்தின் கிழக்கே சாய்ந்ததும் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து ஆறாவது மாடி ஜன்னலின் நிழலில் விழுந்தால் இரண்டு ஓட்டம் கூடுதல் என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். சந்தனமாரி வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டு, காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயுமாக நிழலின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நாய்கள் மட்டும் அதற்குள் வரவில்லை. கரையில் வந்து நின்று, முன்னங்காலைத் தூக்கி, திரும்பிப் போய்விடும். அதைப் பற்றியும் இரண்டு வாரம் பேசிவிட்டு விட்டுவிட்டோம்.

ஒன்பது மணிவாக்கில்தான் நிழலின் உச்சித் தளம் சரியாகச் சிவப்புச் சுவரின்மேல் விழும். அப்போது அங்கே வேலைசெய்யும் நிழலாட்கள், வெள்ளைத் துணியில் காட்டும் படம்போல, ஆளுயரத்தில் தெளிவாகத் தெரிவார்கள். முகம் இருக்காது. நடை இருக்கும், குனிவு இருக்கும், சட்டியை வீசும் கையின் வாட்டம் இருக்கும். ஆவணியில் ஒருநாள், பேச்சி என்ற சித்தாள் வேலைக்காரி டீ குடிக்க வந்த இடத்தில் சுவரைப் பார்த்து, “ஏ, அது நானுல்ல!” என்றாள். சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வாத்துப்போல் நடந்த அந்த நிழல் அவளேதான். ஆனால் நிழலுக்கு வயிறு ஆறு மாதம் தள்ளியிருந்தது. பேச்சிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள், சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

செய்தி பரவியது. சுற்றுவட்டாரத்தில் மழை பொய்த்து மூன்று வருடமாகியிருந்தது, வேலை தேடி ஆட்கள் கோயம்புத்தூருக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம். விடிந்ததும் வேன் பிடித்து, சைக்கிள் மிதித்து, நடந்து, கூட்டம் கூட்டமாகச் சிவப்புச் சுவரின் முன்னால் வந்து நின்று, ஆணும் பெண்ணும் தங்கள் நிழலைத் தேடினார்கள். தன்னைக் கண்டுபிடித்தவர்கள் கும்பிட்டார்கள். காணாதவர்கள் மறுநாளும் வந்தார்கள். கட்டடம் கட்டப்போகிற நிறுவனத்தின் மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நிழலில் இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். ஆளெடுப்பதில் சிபாரிசுக்கு இடமில்லாமல் போனது அந்த ஒருமுறைதான் என்று நாங்கள் பெருமையாகக்கூடப் பேசிக்கொண்டோம்.

சந்தனமாரியின் கணவன் முத்திருளன் சாரம் கட்டுகிறவன். அவனைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. துண்டைத் தலையில் சுற்றி, இரண்டு நுனியையும் ஆட்டுக் கொம்பு மாதிரி நெற்றிக்கு மேலே நிற்கும்படி முடிந்துகொள்வது அவன் வழக்கம். எல்லோருக்கும் மேலே, சாரத்தின் உச்சியில், இரண்டு கொம்பு வைத்த தலை தெரிந்தது.

“ரெண்டு வருசத்துக்கு இவரு ஊரைவிட்டுப் போக வேண்டாம்,” என்று சந்தனமாரி மரகதவல்லிக்கு டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்க மனசு வச்சு அந்தக் கையெழுத்தப் போட்டுருங்க மேடம். எத்தனை குடும்பம் காத்துக் கெடக்கு.”

மரகதவல்லி டீயைக் குடித்தார். அன்று காலை கிழக்குச் சுவரின் பதினோராவது வளைவில் தட்டியபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, ஒரு பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்திருந்தது.

ஐப்பசியில், மழை ஓய்ந்து வெயிலடித்த ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, நிழல் ஒன்பதாவது தளம்வரை வந்திருந்தபோது, கொம்பு வைத்த தலை சாரத்தின் ஓரத்தில் நின்று எதையோ எட்டிப் பிடித்தது. பிடித்தது கையோடு வந்தது. நிழல் ஒன்பது தளத்தையும் ஒவ்வொன்றாகக் கடந்து, சிவப்புச் சுவரின்மேல் வழுக்கி, வளைவுகளின்மேல் வழுக்கி, வராந்தாப் படிகளில் மடங்கி, சைக்கிள் கொட்டகையின் ஓரத்தில் தரையோடு தரையாகக் கிடந்தது. விண்ணப்பம் வாங்க நின்ற வரிசை அதை மிதிக்காமல் பின்வாங்கியது. சத்தமே இல்லை. சந்தனமாரியின் கையிலிருந்த கண்ணாடி கிளாஸ் உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சுவரில் ஆட்களின் நிழல் ஒன்றுகூட இல்லை. ஒன்பது தளத்தோடு நிழல் நின்றுபோனது.

பல்கலைக்கழகம் மூன்று பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. நிழல் ஓர் ஆள் அல்ல என்றும், ஆளில்லாத இடத்தில் விபத்தும் இல்லை என்றும், இருந்தாலும் எச்சரிக்கையாகக் கட்டுமானத்தின்போது வலை கட்ட வேண்டும் என்றும் குழு எழுதியது. முத்திருளன் சிரித்தான். “மொகமா தெரிஞ்சுது? துண்டுதானய்யா தெரிஞ்சுது. ஊர்ல எவன் வேணா துண்டு கட்டுவான்,” என்றான். ஆனால் பேச்சிக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அதனால் அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை, அவனும்தான் நம்பவில்லை என்று அவன் சிரித்த விதத்தில் தெரிந்தது.

சந்தனமாரி மரகதவல்லியின் அலுவலகத்துக்குப் போய்க் கதவருகே நின்றாள். “மேடம், போன மாசம் கையெழுத்துப் போடச் சொன்னேன்ல. போடாதீங்க.”

“போட மாட்டேன்.”

“யாரு வந்து கேட்டாலும்?”

“யாரு வந்து கேட்டாலும். சுவர் நல்லா இருக்கிறவரைக்கும் யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. நீ போ.”

மரகதவல்லி அதைச் சும்மா சொல்லவில்லை. அன்று முதல் அவர் அந்தச் சுவரோடு போராடினார். வெயில் படாத கிழக்குச் சுவர் கார்த்திகை ஈரத்தையும் மார்கழிப் பனியையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு, விடவே வழியில்லாமல் ஊதியது. பாசி படர்ந்தது, காரை பொரிந்தது, வளைவுகளுக்குள் பூஞ்சை பூத்தது. மரகதவல்லி பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து சுவருக்கு நேராக எரியவிட்டார். சுண்ணாம்பு நீற்றி, கடுக்காய் ஊறவைத்து, தானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிப் பூசினார். மைதானத்தின் கிழக்கோரத்தில் கம்பம் நட்டு, கண்ணாடித் தகடுகளைக் கட்டி மேற்கு வெயிலைத் திருப்பிவிடப் பார்த்தார். அந்த வெளிச்சமும் நிழலுக்குள் வந்ததும் தணிந்து, மங்கி, இல்லாமல் போனது. இல்லாத ஒரு கட்டடம் இருக்கிற கட்டடத்தைத் தின்பதை அவர் தன் காதாலேயே கேட்டார். பதினோராவது வளைவு, பிறகு பன்னிரண்டாவது, பிறகு தை பிறக்கும்போது இருபது வளைவுகள், சுத்தியல் பட்ட இடமெல்லாம் பானைச் சத்தம்.

வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். திட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி, லேசாகத் தள்ளிய வயிற்றோடு வந்து, “நிழல்ல நான் சட்டி சுமந்தேனே மேடம். வேலை வராமப் போச்சுன்னா, அப்ப இந்தப் பிள்ளையும்…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

தை மாதம் இருபதாம் தேதி காலை, தேர்வுக்கட்டணம் கட்ட வராந்தாவில் பிள்ளைகள் நின்றிருந்தபோது, பதினான்காவது வளைவின் மேலிருந்து ஒரு பூவேலைப்பாட்டுத் துண்டு, தேங்காய் அளவில், காரையோடு பெயர்ந்து விழுந்தது. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணின் தோளில் பட்டு எலும்பு முறிந்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் தலை. மரகதவல்லி அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி, மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும்வரை உடனிருந்து, திரும்பி வந்து, வளைவின் கீழே நின்று நெடுநேரம் மேலே பார்த்தார். பிறகு அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வரிசையில் தினமும் ஐந்நூறு பிள்ளைகள் நிற்கிற இடம். அவர் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய்த் துணைவேந்தரின் மேசையில் வைத்தபோது, துணைவேந்தர் வெற்றி பெற்றவர்போல் இல்லை, பயந்தவர்போல இருந்தார் என்று அவருடைய உதவியாளர் எங்களிடம் சொன்னார்.

சந்தனமாரி அன்றைக்கு மரகதவல்லிக்கு டீ கொடுக்கவில்லை. கிளாஸைக் கழுவிக்கொண்டே, “நல்லா இருக்கிறவரைக்கும்னு சொன்னீங்க,” என்றாள். “அத நான் சரியாக் கேக்காமப் போயிட்டேன்.”

மாசியில் சிவப்புக் கட்டடத்தை இடித்தார்கள். இடிக்க இருபது நாள் என்று கணக்கிட்டிருந்தார்கள், நாலே நாளில் விழுந்தது, அவ்வளவு ஈரம். உள்ளே தேக்கு உத்தரங்கள் மட்டும் நேற்று அறுத்ததுபோல மணத்தன. சித்திரையில் மைதானத்தில் குழி தோண்டினார்கள். கொட்டகைகள் போட்டார்கள். பெயர் எழுதிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது, வராத சில பேருக்குப் பதிலாக ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பேச்சி ஆறாம் மாதத்தில் சட்டி சுமந்தாள், நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் சுமந்தாள், ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டடம் எழும்ப எழும்ப அதன் சொந்த நிழல் ஏற்கெனவே கிடந்த நிழலுக்குள் போய் அடங்கியது, ஒரு தளம், இரண்டு தளம், ஐந்து தளம் என்று, உறைக்குள் தலையணை நுழைவதுபோல.

முத்திருளன் ஏறவில்லை. சந்தனமாரி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். கீழே கலவை இயந்திரத்துக்கு ஜல்லி அள்ளிப் போடும் வேலை. சாரம் கட்டுகிறவன் ஜல்லி அள்ளுவது அவனுக்குச் சிரிப்பாகவும் அவமானமாகவும் இருந்தது, துண்டைத் தலையில் கட்டுவதையே விட்டுவிட்டான், அது டீ வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இடத்தில் சாரத்தில் ஏறியவன் ஒடிசாக்காரன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், முத்திருளன் உயரம். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. சந்தனமாரி தம்பி என்பாள். அவன் விரலைக் காட்டி எத்தனை டீ, எத்தனை பன் என்று சொல்வான், போனை அவள் வண்டியில் சார்ஜ் போட்டுவிட்டுப் போவான், திரும்ப எடுக்கும்போது நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்ப்பான்.

அடுத்த வருடம் புரட்டாசியில் எட்டாவது தளம் முடிந்தது. ஐப்பசி பிறந்தது. ஒன்பதாவது தளத்தின் விளிம்பு நிழலின் விளிம்பைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. அந்த வாரம் முழுவதும் சந்தனமாரி பாலைப் பொங்கவிட்டுக்கொண்டும் சில்லறையை மாற்றிக் கொடுத்துக்கொண்டும் இருந்தாள். எங்களில் பலர் காரணமில்லாமல் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்தோம், சிலர் காரணமில்லாமல் போய் நின்றோம். மரகதவல்லி தினமும் ஏழு மணிக்கே வந்து, வலை கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போட்டார். வலை ஏழாவது தளத்தில் இருக்கிறது, ஒன்பதுக்குச் சனிக்கிழமை வந்துவிடும் என்று மேஸ்திரி சொன்னார்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அதே மேஸ்திரி டீ வண்டிக்கு வந்து, முத்திருளனைப் பார்த்து, “மேல ரெண்டு ஆளு காய்ச்சல்னு வரலை. இன்னைக்கு ஒருநாள் ஏறுப்பா. கயிறு நனைஞ்சு கெடக்கு, ஒன்னை மாதிரி தெரிஞ்ச கை வேணும்,” என்றார்.

முத்திருளன் கிளாஸைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் வந்தது பயம் அல்ல, ஒன்றரை வருடம் ஜல்லி அள்ளியவனின் சந்தோஷம். “ஏறுறேன்,” என்று எழுந்தான்.

“அண்ணே, அவரை விட்ருங்க,” என்றாள் சந்தனமாரி.

“யாராவது ஏறணுமேம்மா. கான்கிரீட் வண்டி வந்து நிக்குது.”

“அந்தத் தம்பியே அந்த எடத்துலயும் ஏறட்டும். அது போதும்ல? ஒரு ஆள்தான வேணும்? கயித்த அது பாத்துக்கிரும்.”

ஒடிசாக்காரன் அப்போதுதான் பன்னைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து சிரித்தான். மேஸ்திரி அவனைப் பார்த்தார், மேலே கையைக் காட்டினார். அவன் தலையாட்டினான். சந்தனமாரி வண்டியின் கைப்பிடியிலிருந்து கணவனின் துண்டை எடுத்தாள். “மேல வெயிலு தம்பி,” என்றாள். அவனைக் குனியச் சொல்லி, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டினாள், கட்டி, இரண்டு நுனியையும் இழுத்து, நெற்றிக்கு மேலே நிற்கும்படி முடிந்தாள். முதல் முடிச்சு அவிழ்ந்துபோனது. இரண்டாவது தடவை முடிந்தாள்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தோம். பதிவாளர் அலுவலகத்துக்காரர்கள், நூலகத்துக்காரர் ஒருவர், விரிவுரையாளர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு கொம்பையும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். முத்திருளன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். நாங்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒடிசாக்காரன் நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்த்துவிட்டுப் போனான்.

ஒன்பது மணி பத்து நிமிடம். இந்தமுறை சத்தம் இருந்தது.

மரகதவல்லி அடித்தளத்திலிருந்து ஓடிவந்தபோது அவனைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள், யாரோ வேட்டியை எடுத்து மூடியிருந்தார்கள். “யாரு? யாரு?” என்று கேட்டார். “நம்மாளு இல்ல மேடம்,” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் சொன்னது. அதைச் சொன்னவன் மூச்சை விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது, அந்த மூச்சு எங்கள் எல்லோருடையதும்தான். இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை ஊரே இறக்கி வைத்தது. ஆம்புலன்ஸ் வந்து போனது. துணைவேந்தர் மாடியிலிருந்து இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி தன் நோட்டைப் புரட்டினார். அதில் ‘முத்திருளனுக்குப் பதில்’ என்று மட்டும் இருந்தது.

மரகதவல்லி டீ வண்டிக்கு வந்தார். சந்தனமாரி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முத்திருளன் கொஞ்சம் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நான்தான் கட்டிவிட்டேன் மேடம்,” என்றாள். “தெரிஞ்சேதான் கட்டிவிட்டேன்.”

இல்லை என்று சொல்லலாம். உன்மேல் தப்பில்லை, வலை கட்டாதவர்கள் மேல்தான் தப்பு என்று சொல்லலாம், அதிலும் உண்மை உண்டு. மரகதவல்லி அவளுக்குப் பக்கத்தில், அதே மண்ணில், சேலை அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார். “நான் கையெழுத்துப் போட்டேன்,” என்றார் கடைசியில்.

அப்போது வண்டியில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால், சார்ஜில் கிடந்த போன் அடித்தது. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. முத்திருளன் திரும்பிப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். மூன்றாவது தடவை அடித்தபோது சந்தனமாரி எழுந்து வயரைப் பிடுங்கி, காதில் வைத்தாள். பட்டனை எங்கோ அழுத்திவிட்டாள்போல, குரல் வெளியே எல்லோருக்கும் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். பின்னால் கோழி ஒன்று கத்தியது, ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது.

“புத்தியா?” என்றது குரல். பிறகு எங்களுக்குப் புரியாத மொழியில் வேகமாக, சிரித்துக்கொண்டு, நீளமாக எதையோ சொன்னது. சொல்லிவிட்டுக் காத்திருந்தது. “புத்தியா?”

அவன் பெயர் அதுதான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மொழியியல் துறையில் ஒடியா தெரிந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார், ஆனால் யாரும் நகரவில்லை. மரகதவல்லிதான் எழுந்தார், செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு மொழியியல் துறை இருக்கும் திசையில் நடந்தார், கொஞ்ச தூரம் போனதும் ஓடினார். அவர் போய் வரும்வரை அந்தக் குரல் போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில், சந்தனமாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேச ஆரம்பித்தாள்.

“இரும்மா. வச்சிராத. ஒருத்தர் வர்றாரு, ஒன் பாசை தெரிஞ்சவரு, இப்ப வந்துருவாரு. நீ வச்சிராத தாயி. புத்தியா… புத்தியா வந்து…”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.